தங்கச்சியின் தலைமயிரில் பாதரசம்

எங்கள் ஆய்வுகூடத்தில் நல்ல ஏசி போட்ட அறை ஒன்றுதான் இருக்கிறது. அது மனிதருக்கில்லை, மெசினுக்கு. நாங்கள் வெளியே வியர்த்து ஒழுகிக்கொண்டு பிளாஸ்ரிக் குப்பிகளை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுவோம். அது உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி இருக்கும். பாடப்புத்தகத்தில் அதற்குத் திணிவு நிறமாலைமானி என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கரண்ட் போய்விடும் என்பதால் எல்லாரும் மெசின் என்றே சொல்கிறோம். வெளிநாட்டில் ஒரு கூடம் புதிது வாங்கியபோது எங்கள் தலையில் கட்டிய பழையது. பழையது என்றாலும் அதற்கு ஆகன் வாயு வேண்டும், அதுவும் கொழும்பிலிருந்து லொறியில் வரவேண்டும். லொறி பிந்துகிற நாட்களில் நாங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருப்போம்.

கலியாண வீடுகளில் யாராவது பிடித்துக் கேட்பார்கள்: "பிள்ளை, உங்கை நீர் என்ன வேலை செய்யிறீர்?"

"தலைமயிரை எரிக்கிறன்" என்பேன்.

அதற்குப் பிறகு எனக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதையை யாரும் எடுப்பதில்லை. இப்போது அந்த வயதும் தாண்டிவிட்டது, கேள்விக்கும் நல்ல பதில் ஒன்று கையில் இருக்கிறது.

பொய்யும் இல்லை. உடம்புக்குள் இருக்கிற உலோகங்களைத்தான் நான் பார்க்கிறேன். இரத்தத்தில் இரும்பு இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். எங்கள் கடல்நண்டின் இரத்தம் நீலமாக இருப்பது இரும்புக்குப் பதில் செம்பு இருப்பதால்தான். இன்சுலினில் துத்தநாகம். இவை எதுவும் உடம்பில் சும்மா மிதந்து திரிவதில்லை, ஏதாவது ஒரு புரதம் கையில் பிடித்து வைத்திருக்கும். எந்தப் புரதத்தின் கையில் எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது எங்கள் தொழில். அதற்காக அந்தப் பொருளைச் சூரியனின் மேற்பரப்பை விடச் சூடான ஒரு ஆகன் சுடருக்குள் அனுப்புவோம். புரதம், மயிர், நண்டு எல்லாம் அங்கே அணு அணுவாகப் பிரிந்துவிடும். மெசின் அந்த அணுக்களை நிறைப்படி பிரித்து எண்ணும்.

அது யாருடைய மயிர், யாருடைய இரத்தம் என்று மெசின் கேட்பதில்லை. எனக்கு அதில் பிடித்த குணம் அதுதான். இத்தனை வருஷ வேலையில் நான் அதனிடம் ஒரேயொரு சொந்தக் கேள்வி கேட்டிருக்கிறேன். எங்கள் அம்மா செத்ததற்கு என் தங்கச்சி துக்கப்பட்டாளா, இல்லையா என்ற கேள்வி. அம்மா போன நாளிலிருந்து அது என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

எங்கள் வீடு நீர்வேலியில், வாழைத் தோட்டத்துக்கு நடுவே. கடல் பக்கத்தில் இல்லை. ஆனாலும் அம்மா சுறாவுக்காகவே மாதத்தில் ஒருமுறையாவது பஸ் ஏறிக் குருநகர்ப் பக்கம் போய்வருவார். சுறாவை அவித்து, தோலுரித்து, பூப்போல உதிர்த்து, தேங்காய்ப்பூவும் மஞ்சளும் பச்சைமிளகாயும் போட்டு வறை வறுத்தால் அன்றைக்குத் தங்கச்சி இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிடுவாள். பிள்ளை பெற்ற வீடுகளில் தாய்க்குப் பால் சுரக்கட்டும் என்று கொடுக்கிற சாப்பாடு அது. இவள் பிள்ளை பெறாமலே பிள்ளை பெற்றவளின் பங்கைச் சாப்பிடுகிறாள் என்று நான் சீண்டுவேன். அவள் வாய் நிறையச் சோற்றோடு எனக்கு நாக்கை நீட்டுவாள். அம்மா இரண்டு பேருக்கும் ஏசுவார்.

பிறகு அவள் படிக்கவென்று வெளிநாடு போனாள், வேலை கிடைத்து அங்கேயே நின்றுவிட்டாள். யாராவது அந்தப் பக்கம் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் அம்மா உடனே பொதி கட்டத் தொடங்கிவிடுவார். மிளகாய்த்தூள், பனங்கிழங்கு ஒடியல்மா, பனம்பழப் பினாட்டு, கடைசியில் பல பொலித்தீன் பைகளுக்குள் ஒளித்துச் சுறாக் கருவாடு. கொண்டுபோகிறவர்கள் அந்த மணத்துக்குப் பயந்து சாட்டுச் சொல்லுவார்கள். அம்மா விடமாட்டார். தங்கச்சியோடு போனில் கதைப்பதும் அம்மாதான். நான் பக்கத்தில் நின்று "கேட்டதாகச் சொல்லுங்கோ" என்பேன், அங்கிருந்தும் அதே பதில் வரும். எங்கள் இரண்டு பேருடைய பாசமும் அம்மாவின் வாய்வழியாகத்தான் போய்வந்தது. அது எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

சுறா பெரிய மீன். சின்ன மீன்களைத் தின்று தின்று அவற்றில் இருந்த பாதரசத்தை எல்லாம் தன் உடம்பில் சேர்த்து வைத்திருக்கும். நாங்கள் அதைத் தின்றால் எங்களுக்கும் வரும். வந்த பாதரசத்தில் ஒரு பங்கு தலைமயிருக்குப் போகிறது. மயிர்ப் புரதத்தில் கந்தகம் நிறைய இருக்கிறது, பாதரசத்துக்குக் கந்தகத்தைக் கண்டால் விடமுடியாது. மயிர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளர்கிறது. ஆகவே ஒரு நீள மயிரை எடுத்து அடியிலிருந்து நுனிவரை லேசரால் சுட்டுக்கொண்டே போனால், அந்த மனிசி எந்த மாதம் எவ்வளவு மீன் சாப்பிட்டாள் என்பது தெரிந்துவிடும். அடி இன்றைக்கு, நுனி பழசு. கரையோர ஊர்களில் பிள்ளை பெற்ற தாய்மாரிடம் கேட்டு மயிர் வாங்கி இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். சுறாவை விடச்சொல்ல எனக்கு வாய் வராது. மாதத்தில் ஒருமுறையோடு நிற்பாட்டுங்கோ என்று மட்டும் சொல்லிவிட்டு வருவேன்.

முதன்முதலில் என் மயிரைத்தான் சுட்டுப் பார்த்தேன். கோடு மேலும் கீழும் ஏறி இறங்கி வந்தது. ஆனால் வருஷத்தில் ஒருமுறை, ஏறக்குறைய ஒரே இடைவெளியில், கோடு கொஞ்சம் தாழ்ந்து மறுபடி எழும்பியது. மெசினைத் தந்த கூடத்துப் பேராசிரியர் நல்ல மனிதர். அங்கிருந்தபடியே கணினித் திரையில் அதைப் பார்த்துவிட்டு, மெசின் சறுக்கியிருக்கிறது, லேசர் சூடேறியிருக்கும், திரும்பச் செய்யுங்கள் என்றார். நான் கந்தகத்தின் கோட்டை எடுத்துப் பார்த்தேன். மயிர் முழுவதும் கந்தகம் ஒரே அளவில் இருப்பதால், மெசின் சறுக்கினால் அந்தக் கோடும் சேர்ந்து சறுக்க வேண்டும். அது அசையாமல் நேராக நின்றது. திரும்பச் செய்தேன், மறுபடி அதே தாழ்வுகள். தலையைப் பிய்த்துக்கொண்டு இருந்தேன்.

அடுத்த நாள் காலை சந்தையால் போகும்போது மீன் கடைகள் ஈயோட்டிக்கொண்டிருந்தன. ஏன் என்று யோசிக்கவே தேவையில்லை, நல்லூர்க் கோயிலில் திருவிழாக் கொடி ஏறியிருந்தது. கொடியேற்றத்துக்கு முதல் நாள் வீடு கழுவி, சட்டி பானை மினுக்கி, தேர் தீர்த்தம் முடியும்வரை எங்கள் வீடுகளில் மச்சம் அடுப்பேறாது. மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் மச்சம் என்றுதான் பெயர், மிச்சமெல்லாம் சைவம். நடுச்சந்தையில் நின்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். மெசின் சறுக்கவில்லை. வருஷா வருஷம் என் தலைக்குள் கொடி ஏறி இறங்கியிருந்தது.

பேராசிரியருக்கு எழுதி விளங்கப்படுத்தினேன். அவருக்குப் பெரிய சந்தோஷம். ஒரு ஊர் முழுவதும் சேர்ந்து மீனை விடுகிற பழக்கம் ஒன்று இருந்தால் அது காலத்தை அளக்கிற அடையாளமாகும், எந்த மயிரிலும் அதைக் கண்டு மாதத்தைச் சரிபார்க்கலாம் என்று பதில் எழுதினார். நான் அதை அம்மாவிடம் சொன்னேன். "உதுக்கு ஒரு மெசின் வேணுமோ? என்னட்டைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்தானே" என்றார். அம்மாவிடம் கேட்டிருக்க வேண்டியது இன்னும் எவ்வளவோ இருந்தது.

அதற்கு அடுத்த மாசியில் அம்மா போய்விட்டார். காலையில் நெஞ்சு நோகுது என்றவர், ஆசுப்பத்திரி போய்ச் சேரவில்லை. தங்கச்சிக்கு நான்தான் அறிவித்தேன். யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிக்கிற குரலில், "பாஸ்போட் கையில இல்லை அக்கா. புதுப்பிக்கக் குடுத்து வைச்சிருக்கிறன்" என்றாள். வர வேண்டும் என்று நினைக்கிறவள் எப்படியும் வருவாள் என்று என் மனம் சொன்னது. நான் அவளிடம் அதைச் சொல்லவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னேன். எங்கள் வீட்டில் கோபம் வந்தால் சரி என்றுதான் சொல்வோம்.

இப்போது செத்தவீட்டுக்கும் நேரலை உண்டு. கமராக்காரப் பெடியன் பந்தல் காலோடு சாய்ந்து நின்று வெளிநாட்டு உறவுகளுக்காக எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தான். நான் அழுகிற நேரத்திலும் அடிக்கடி அந்தக் கமராவைப் பார்த்தேன். அதற்குள் எங்கேயோ அவள் இருக்கிறாள், இப்போது அழுகிறாளா, தேத்தண்ணி குடிக்கிறாளா, வேலைக்குப் போய்விட்டாளா என்று யோசித்தேன். அந்தக் கமராவால் அவள் எங்களைப் பார்க்கலாம், நாங்கள் அவளைப் பார்க்க வழியில்லை. அந்த அநியாயத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி, செத்தவருக்குச் செய்கிற கடைசிக் கிரியை, அதுவும் நேரலையோடு முடிந்தது. அதுவரை வீட்டில் மச்சம் இல்லை. சாவுத் தீட்டான துடக்குக் கழிந்தது என்றாலும் வீட்டுக்காரர் தாங்களாகவே போய் மீன் வாங்கிக் காய்ச்சுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. வெளியே இருந்து உரித்தான ஒருவர் காய்ச்சிக் கொண்டுவந்து தன் கையால் போட்டுத் தர வேண்டும். அடுத்த நாள் மத்தியானம் அடுத்த ஒழுங்கையிலிருந்து மாமி ஒரு சட்டியோடு வந்தார். சோறு போட்டு, விளைமீன் குழம்பை அதன்மேல் விட்டு, சோற்றுக் கோப்பையை என் முன்னால் வைத்தார்.

"எனக்கு வேண்டாம் மாமி."

"உனக்கு வேண்டாம் எண்டு எனக்குத் தெரியும். சாப்பிடு."

பக்கத்தில் இருந்து நான் முதல் வாய் வைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதழுது சாப்பிட்டேன். குழம்பில் உறைப்புக் கூடிவிட்டது. அந்த உறைப்போடு ஏதோ ஒன்று திரும்பி வந்தது, பசி என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பின்னேரம் நான் முற்றத்தைக் கூட்டினேன், உடுப்புத் தோய்த்தேன், அடுத்த நாள் வேலைக்குப் போனேன். இதையெல்லாம் தங்கச்சிக்குப் போனில் சொன்னேன். "ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எங்களுக்குள் கதைக்க ஒன்றும் அகப்படவில்லை. பிறந்தநாளுக்கு வட்ஸப்பில் பூப்படம் அனுப்புவாள். நானும் ஒரு பூப்படம் அனுப்புவேன்.

ஆனால் அவளை நினைத்துத் தேடாமல் இல்லை. வாழைக்குலை வெட்டுகிற நாட்களில் அவள் இருந்தால் கப்பல்பழத்தை ஒளித்து வைப்பாளே என்று தேடுவேன். அவள் விட்டுப்போன சட்டை ஒன்று அலுமாரியில் கிடக்கிறது, நான் அதைக் கட்டில் துடைக்க எடுப்பதும் திருப்பி வைப்பதுமாக இருப்பேன். கோபமும் தேட்டமும் ஒன்றாக இருந்தால் இரண்டும் முழுதாக வராது. அப்படித்தான் மூன்று, நான்கு வருஷம் போனது.

போன வருஷம் வந்தாள். நாலைந்து நாள்தான் லீவு என்றாள். அவளை விமான நிலையத்தில் கண்டபோது நான் முதலில் பார்த்தது அவளின் தலைமயிரை. அதே நீளம், இடுப்புக்குக் கீழே. வெள்ளையும் ஓடியிருந்தது. அங்கே எல்லாரும் கட்டையாக வெட்டிக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன். "ஏன் வெட்டேல்லை?" என்று கேட்டேன். "சும்மா" என்றாள்.

அடுத்த நாள் விடிய நான் குருநகருக்குப் போய்ச் சுறா வாங்கி வந்தேன். அம்மா செய்கிற மாதிரியே அவித்து, உதிர்த்து, வறுத்தேன். மேசையில் வைத்துவிட்டு அவளின் முகத்தைப் பார்த்தேன். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். கன நேரம் பார்த்தாள். பிறகு மெல்ல ஒரு பக்கமாகத் தள்ளினாள்.

"உது நான் இப்ப சாப்பிடுறேல்லை அக்கா."

"ஓம், வெளிநாட்டுக்காரருக்கு உது மணக்கும்தானே."

சொல்லிவிட்டு நான் எழுந்து வாழைப் பக்கம் போய்விட்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. கொஞ்ச நேரம் வாய்க்காலில் காலை வைத்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது அவள் பருப்போடும் கத்தரிக்காயோடும் சாப்பிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். வறையை நான் இரண்டு நாள் தனியே சாப்பிட்டேன். அவள் போகும்போது கட்டிப்பிடித்தாள், நானும் பிடித்தேன். கார் திரும்பிய பிறகும் கேற்றடியில் நின்றேன்.

அவள் படுத்த அறையைக் கூட்டும்போது கண்ணாடிக்குக் கீழே என் சீப்புக் கிடந்தது. அதில் அவளின் மயிர் சுற்றியிருந்தது. உருட்டி எறிவதற்காகத்தான் எடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்தபோது ஒரு மயிரின் அடியில் சின்ன வெள்ளைக் குமிழ் தெரிந்தது. தானாக உதிர்கிற மயிரில் அந்தக் குமிழ் இருக்கும், எது அடி எது நுனி என்று அதைக்கொண்டு சொல்லிவிடலாம். எனக்குள் இருந்த தொழில்காரி அதை விடவில்லை. வெளிநாட்டு மயிர் எப்படியிருக்கிறது பார்ப்போம் என்று ஒரு கடித உறைக்குள் போட்டு வைத்தேன். அதில் பாதி குறும்பு, பாதி கோபம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஆகன் லொறி வரப் பல வாரம் பிடித்தது. வந்த பிறகு ஒரு நாள் முழுவதையும் அதற்கே ஒதுக்கினேன். அந்த மயிர் ஒரே துண்டாக வைக்க முடியாத நீளம். ஒழுங்கு மாறாமல் துண்டு துண்டாக வெட்டிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி உள்ளே வைத்தேன். லேசர் நுனியிலிருந்து தொடங்கியது. திரையில் கோடு மெதுவாக ஊர்ந்து வந்தது.

நுனிப்பக்கம், அம்மா இருந்த காலம். கோடு நான் நினைத்ததை விட உயரத்தில் ஓடியது. கருவாடு போய்ச் சேர்ந்திருக்கிறது, நல்லாகத்தான் சாப்பிட்டிருக்கிறாள். பிறகு ஒரு தாழ்வு வந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. நான் அண்மையில் மறுபடி சுட்ட என் மயிரின் கோட்டை எடுத்து அவளின் கோட்டுக்கு மேலே வைத்தேன். இரண்டு தாழ்வுகளும் என் தாழ்வுகளுக்கு நேர் கீழே விழுந்தன. கோயிலும் இல்லாத, கேட்க ஆளும் இல்லாத ஒரு ஊரில் இருந்துகொண்டு, இங்கே கொடி ஏறுகிற நாளைப் பார்த்து அவள் மச்சத்தை விட்டிருக்கிறாள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று மெசின் சொல்லுகிறதே என்று இருந்தது.

அடுத்து அம்மா போன மாசி. என் கோட்டில் அந்த இடத்தில் ஒரு தாழ்வு இருக்கிறது, அந்தியேட்டியோடு எழும்பிவிடுகிறது. அவளின் கோடும் அதே இடத்தில் விழுந்தது. விழுந்தது எழும்பவில்லை. அடுத்த துண்டிலும் எழும்பவில்லை. அதற்கடுத்த துண்டிலும் இல்லை. அந்த வெள்ளைக் குமிழ்வரை, எங்கள் வீட்டு மேசையில் அவள் கிண்ணத்தைத் தள்ளிய நாள்வரை, கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

கந்தகத்தைப் பார்த்தேன். அசையவில்லை. மெசினில் பிழை இல்லை.

எனக்கு உடனே அழுகை வந்தது என்று எழுதினால் அது பொய். முதலில் வந்தது கோபம்தான். அம்மா போனார், பொதி நின்றது, கருவாடு நின்றது, அவளும் நிம்மதியாகக் கோழிக்கு மாறிவிட்டாள் என்று நினைத்தேன். கோழி தின்றாலும் கோடு இப்படித்தான் கிடக்கும். பாதரசம் மீனைப் பற்றி மட்டும்தான் சொல்லும், துக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நாலு வருஷமாக நான் கேட்க நினைத்த கேள்விக்குச் சரியாகப் பாதிப் பதிலைத் தந்துவிட்டு மெசின் நின்றுவிட்டது. மிச்சப் பாதிக்கு நான்தான் வாய் திறக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டு அவளுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். அவளுக்கு மத்தியானம், வேலையிடத்தில் சாப்பாட்டு நேரம். பயந்துபோய் எடுத்தாள். எங்கள் வீடுகளில் சும்மா போன் வந்தாலே ஆருக்கு என்ன என்றுதான் கேட்போம்.

"ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை" என்றேன். "நீ மீன் விட்டு எவ்வளவு காலம்?"

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆர் சொன்னது?"

"உன்ரை தலைமயிர். சீப்பில விட்டிட்டுப் போனனீ."

அவள் சிரித்தாள். நாக்கை நீட்டுகிற காலத்துச் சிரிப்பு அது, கேட்டு எத்தனையோ காலம். சிரித்து முடிக்க முதலே முகம் மாறிவிட்டது.

"அம்மா போனதிலையிருந்து" என்றாள்.

"கோழி?"

"இல்லை."

"முட்டை?"

"ஒண்டும் இல்லை அக்கா. ஏன் விசாரணை மாதிரிக் கேக்கிறியள்?"

"முப்பத்தொண்டோட முடிஞ்சுதெல்லோ பிள்ளை. அந்தியேட்டி செய்தனாங்கள். நீயும் பாத்தனீதானே."

"பாத்தனான். உங்களுக்கு முடிஞ்சுது." அவள் முகத்தைத் திரையிலிருந்து திருப்பிக்கொண்டாள். "மாமி மீன் கொண்டந்து போட்டுத் தந்தவ எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள். எனக்கு இங்கை ஆர் போட்டுத் தந்தது? நானாப் போய்க் கடையில வாங்கித் தின்னுறதோ? எப்ப நிப்பாட்டிறது எண்டு எனக்குத் தெரியேல்லை அக்கா. ஒருத்தரும் வந்து போதும் எண்டு சொல்லேல்லை. அப்பிடியே போயிட்டுது."

நான் அப்போது என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ பிழையாகத்தான் சொல்லியிருப்பேன். "வந்து நிக்கேக்கை நான் சுறா வறுத்தனான்தானே" என்று சொன்னதாக ஞாபகம்.

"ஓம், வறுத்தனீங்கள். மேசையில வைச்சிட்டு வாழைக்குள்ளை போயிட்டீங்கள். ஒருக்கால் வேண்டாம் எண்டால் விட்டிடுறதோ? நீங்கள் வந்து போட்டுத் தருவீங்கள் எண்டு நான் எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டிருந்தனான் தெரியுமோ?"

அதைச் சொல்லிவிட்டு அவள் அழுதாள். நாலு வருஷமாக நான் பார்க்க ஆசைப்பட்ட அழுகை அது. பார்த்தபோது அதை எப்படியாவது நிற்பாட்ட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. கை திரைவரை போய் நின்றது. அவளின் கண்ணைத் துடைக்கவென்று போன விரல் கண்ணாடியில் பட்டு, அழைப்பு வெட்டுப்பட்டுப் போனது. திருப்பி எடுத்தேன்.

"அங்கை சுறா கிடைக்குமோ?"

"இல்லை. ரின்னில அடைச்ச மீன்தான் இருக்கும்."

"காணும். வாங்கு. தேங்காய்ப்பூவும் வாங்கு. நாளைக்குச் செய்வம்."

"ஏன், இண்டைக்கு இல்லையோ?"

"இண்டைக்கு வெள்ளி" என்றேன். நாலு வருஷம் சைவமாக இருந்தவளுக்கு வெள்ளிக்கிழமையை நான் ஞாபகப்படுத்தினேன். இரண்டு பேருக்கும் மறுபடி சிரிப்பு வந்தது.

அடுத்த நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுச் சுறா வாங்கி வந்தேன். அவளுக்கு மத்தியானம் வரும்வரை பொறுத்திருந்து, இங்கே பொழுதுபடுகிற நேரத்தில் அடுப்பை மூட்டினேன். போனை மிளகாய்த்தூள் போத்தலோடு சாய்த்து வைத்தேன். அவள் தன் குசினியில், நான் என் குசினியில். "தண்ணியை நல்லாப் பிழி." "மஞ்சள் காணாது, இன்னும் போடு." "கருவேப்பிலை இல்லையோ? என்ன வீடு அது." அவள் ஓம் ஓம் என்று செய்துகொண்டிருந்தாள். அவளின் வறையின் மணம் எனக்கு வரவில்லை, என்னுடையது அவளுக்குப் போகவில்லை. மாதத்தில் ஒருமுறைக்கு மேல் வேண்டாம் என்று தாய்மாருக்குப் புத்தி சொல்லித் திரிகிற நான், அவள் இன்னும் ஒரு கரண்டி போடமாட்டாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோற்றைப் போட்டு, வறையை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேசையில் இருந்தாள். தலைமயிரை அள்ளி முடிந்திருந்தாள். கை வைக்காமல் என்னைப் பார்த்தாள்.

நானும் என் கோப்பையில் சோறு போட்டு, அவளுக்குப் போடுகிற அளவு வறையைப் போட்டு, போனுக்கு முன்னால் நகர்த்தி வைத்தேன். நான் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

"அம்மாவுக்கு எல்லாம் முடிஞ்சுது. போதும். சாப்பிடு."

முதல் வாய் வைத்தாள். மெல்ல மென்றாள். கண்ணால் வடிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு இரண்டாம் வாயும் வைத்தாள்.

"உப்புக் காணாது" என்றாள்.

"போய் எடு."

எழும்பிப் போனாள். திரையில் அவளின் வெறுங் கதிரையும், பாதிச் சாப்பிட்ட கோப்பையும் மட்டும் தெரிந்தன. அவள் திரும்பி வரும்வரை நான் என் சோற்றில் கை வைக்கவில்லை.